"ரத்தம் காணாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயசு, தலவாக்கலை பக்கம் தோட்டம். கோயில் மண்டபத்துல ரத்ததான முகாம் வச்சாங்க, ஆசையா போனேன். விரல்ல குத்தி பாத்துட்டு ரத்தம் காணாதுன்னு அனுப்பிட்டாங்க, எல்லார் முன்னாடியும் வெக்கமா போச்சு. தம்பிக்கு இப்பதான் 18 முடிஞ்சிச்சு, அவன் போறேங்கிறான், அம்மா விட மாட்டேங்கிறாங்க. மலை ஏறி எறங்குற ஒடம்பு, ரத்தத்த குடுத்துட்டு எப்பிடி வேல செய்றதுன்னு ஏசுறாங்க.

பதில்: தங்கச்சி, வெக்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல. அந்த நீலத் தண்ணி பாத்தீங்கதானே, மயில்துத்தம் கலந்தது, அதுல ஒங்க சொட்டு அடிக்கு போகாம மேல நின்னுருக்கும். ரத்தத்துக்கு செவப்பு குடுக்குற சத்து, ஹீமோகுளோபின், 12.5க்கு மேல இருந்தாதான் எடுப்பாங்க, ஒங்களுக்கு அது கொறவு, அவ்வளவுதான். ஒங்கள காப்பாத்தத்தான் திருப்பி அனுப்பினாங்க. நம்ம தோட்டத்து பொம்பளைங்க நெறய பேருக்கு இந்த கொறவு இருக்கு, தலை சுத்தும், மூச்சு வாங்கும், மலை ஏறுற களைப்புன்னு நெனச்சு விட்டுருவோம். முகாமுக்கு போனதாலதான் ஒங்களுக்கு இது தெரிய வந்துச்சு, அதனால மொதல்ல டொக்டர்கிட்ட காட்டுங்க, வயித்துப் பூச்சியாலயா மாதவிடாயாலயான்னு பாத்து மருந்து குடுப்பாங்க. இன்னொண்ணு, ரொட்டி சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கிறது நம்ம பழக்கம், அது சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க. கீரை, நெத்தலி, பருப்பு சாப்பிடுங்க, தேசிக்காய் புளிஞ்சுக்கிட்டா இன்னும் நல்லது.

அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, அவங்க பாத்த கஷ்டம் அப்பிடி. ஆனா ஒடம்புல சுமார் 5 லீட்டர் ரத்தம் ஓடுது, எடுக்குறது 450 மில்லிலீட்டர்தான். அதுல உள்ள தண்ணிப் பங்கு ஓரிரு நாள்ல ஊறிரும், செவப்பணு திரும்ப வர சில கிழமை எடுக்கும், அதுக்காகத்தான் 4 மாசத்துக்கு ஒருக்காதான் குடுக்கலாம்னு வச்சிருக்காங்க. தம்பிக்கு நெறை 50 கிலோவுக்கு மேல இருக்கணும், அடையாள அட்டை வேணும், வெறும் வயித்துல போகக்கூடாது. அன்னைக்கி உர மூட்டை தூக்குறது, மலை ஏறுறது எதுவும் வேணாம், லீவு நாளா பாத்து போகச் சொல்லுங்க, அம்மாவுக்கும் மனசு ஆறும்.

எங்க சின்னம்மாவுக்கு பிள்ள பொறந்தப்ப ரத்தப்போக்கு நிக்கவே இல்ல, ராத்திரி, மழை, நாங்க லயத்துலேருந்து ஆள் சேத்துக்கிட்டு போய் சேருறதுக்குள்ள ரெண்டு பை ஏத்தியாச்சு. யார் குடுத்ததுன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியாது, யாரோ எப்பவோ ஒரு முகாம்ல படுத்து குடுத்துட்டு போனது. நம்ம வளைவு ரோட்டுல அவசரத்துக்கு ஆள் தேடி ஓட நேரம் கெடைக்காது தங்கச்சி, பை முன்கூட்டியே பிரிட்ஜ்ல இருக்கணும். செவப்பணு 5, 6 கிழமைதான் வச்சிருக்கலாம், டெங்கு முத்தினவங்களுக்கு சில நேரம் ஏத்துற பிளேட்லட், ரத்தத்த உறைய வைக்கிற அணு, 5 நாள்தான், அதனால திருவிழாவுக்கு ஒருக்கா எல்லாரும் சேந்து குடுத்துட்டு மத்த மாசமெல்லாம் சும்மா இருந்தா பத்தாது. 2014லேருந்து நம்ம இலங்கையில காசு வாங்காம, சொந்த விருப்பத்துல குடுக்குறவங்கள மட்டும் நம்பித்தான் எல்லாமே நடக்குது.

தம்பிய அனுப்பச் சொல்லி அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நீங்க மருந்த பாதியில விடாம முடிச்சு, டொக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் அடுத்த முகாமுக்கு திரும்ப போங்க. சொட்டு அடிக்கு போச்சான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, காத்துக்கிட்டு இருப்பேன்.