கிழிந்த நோட்டு

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை அருகே வசிக்கிறோம். தமிழ் வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்துவிட்டான். டீச்சர் இரண்டு பீரியட் வராந்தாவில் முட்டி போட வைத்திருக்கிறார். முட்டி சிராய்த்துவிட்டது. புகார் கொடுக்கலாம் என்கிறாள் மனைவி. நான் அடி வாங்கித்தான் உருப்பட்டேன். அடிக்கவும் கூடாது, முட்டி போடவும் வைக்கக்கூடாது என்றால் ஆசிரியர் கொஞ்சிக்கொண்டா இருக்க முடியும்?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிழிந்த நோட்டு என்னவாயிற்று என்று ஒரு வரிகூட இல்லை. டீச்சரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் மகன் ஏன் கிழித்தான் என்பதும் யாருக்கும் தெரியாது. முட்டி போட்டதோடு கணக்கு தீர்ந்துவிட்டது. நோட்டு இழந்தவனுக்கு மட்டும் தீரவில்லை.

சிற்றூரில் படித்த காலத்தில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவினால் வலிக்காது என்று எவனோ சொல்ல, உள்ளங்கை பளபளக்க நீட்டினேன். பிரம்பு வழுக்கி மணிக்கட்டில் விழுந்தது. இன்றும் அந்த இடத்தைக் காட்ட முடியும். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனை, மனத்தைத் துன்புறுத்துவது இரண்டையும் தடை செய்கிறது. மீறுபவர்மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். பிரம்பைத் தொடவேயில்லை என்பது பதிலாகாது. ‘டி.சி. கொடுத்துவிடுவோம்’ என்று மிரட்டினாலும் பயப்பட வேண்டாம்: 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது.

ஆனாலும் எடுத்தவுடன் புகார் வேண்டாம். முதலில் டீச்சரைப் பாருங்கள். சிராய்ப்பைச் சொல்லுங்கள், இனி இப்படி நடக்கக்கூடாது என்றும் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டையும் கேளுங்கள். நீங்கள் சொல்வதை அவர் கேட்கவில்லையென்றால் தலைமையாசிரியர், பிறகு பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்), அதற்கும் மேலே குழந்தைகள் உதவி எண் 1098.

பிறகு டீச்சர் முன்னிலையில் இரண்டு பையன்களும் உட்காரட்டும். நோட்டை இழந்தவன் முதலில் பேசட்டும். அவன் சீண்டியிருந்தால் அதுவும் வெளியே வரும். புது நோட்டு நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கிழிந்த பாடங்களை உங்கள் மகன் எழுதிக் கொடுக்கலாம். ஒரே இரவில் எழுதவைத்து அதையும் இம்போசிஷன் ஆக்கிவிடாதீர்கள், நாளுக்கு இரண்டு பக்கம் போதும்.

எதற்கும் அந்தப் பையனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் கையெழுத்து அவனுக்குப் பிடிக்காமலும் போகலாம்.