நன்னடத்தைக் காலத்தில் மனநல ஆப்: வாசகியர் கேள்விகள்

நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்ட பெண்கள் சிலர் கேட்டவை இவை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

தூக்கமே வருவதில்லை. மனநல ஆப் ஒன்றில் தினமும் மனதில் இருப்பதை எழுதுகிறேன். என்னைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலருக்கு அது தெரிந்துவிடுமா?

நீங்களாகப் போட்டுக்கொண்ட ஆப் என்றால், அதில் எழுதுவது தானாக அவரிடம் போகாது. தயங்காமல் எழுதுங்கள். ஆனால் வழக்கைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வேண்டாம். அதை வக்கீலிடம் பேசுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, உங்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆப் நடத்தும் கம்பெனியிடம் அதே கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆலோசனைச் சேவை, பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அரசு நடவடிக்கைக்கு உள்ளாகி, 2023-ல் 78 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் சொந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள். தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக் ஆகிய அனுமதிகளை மறுத்துவிடுங்கள். மறுத்தால் திறக்கவே மாட்டேன் என்கிற ஆப் உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரே போன்தான், அதுவும் கணவர் கையில். நான் என்ன செய்வது?

அப்படியானால் ஆப்பே வேண்டாம். ராத்திரி பூட்டிய திரையில் 'இன்று மனநிலை எப்படி?' என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றாலே வீட்டில் சண்டை கிளம்பலாம். 14416-ஐ அழையுங்கள். அது டெலி மனாஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தோழியின் போனிலிருந்தும் பேசலாம். கணவரின் போனிலிருந்தே பேச நேர்ந்தால், அழைப்புப் பட்டியலில் அந்த எண் தங்கிவிடும் என்பது நினைவிருக்கட்டும். கணவர் அடித்தால் பெண்கள் உதவி எண் 181. நேரில் போக முடிந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இன்னும் நல்லது.

போன் லொகேஷனை எப்போதும் தனக்குப் பகிர வேண்டும் என்கிறார் அலுவலர். பகிரத்தான் வேண்டுமா?

முதலில் நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்துப் பாருங்கள். நிபந்தனை போடுவதும் மாற்றுவதும் நீதிமன்றத்தின் வேலை. 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 8-வது பிரிவும், அலுவலர் விண்ணப்பித்தால் நீதிமன்றம்தான் மாற்றலாம் என்கிறது. ஜாமீன் வழக்கு ஒன்றில், கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் பகிரச் சொல்லும் நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அது ஜாமீனுக்கான தீர்ப்புதான். ஆனாலும் உங்கள் வக்கீல் எடுத்து வைக்க வலுவான வாதம். அலுவலரோடு நீங்களே மல்லுக்கு நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

மனச்சோர்வில் படுத்துக் கிடந்து, கையெழுத்துப் போடும் தேதியைத் தவறவிட்டேன். மறுபடி சிறையா?

பயப்படாதீர்கள், ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம். நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் அழைத்து விசாரிக்கலாம், பழைய குற்றத்துக்குத் தண்டனையும் தரலாம். முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடவும் அதே 1958 சட்டத்தின் 9-வது பிரிவில் இடமிருக்கிறது. இன்றே அலுவலரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆலோசனை சொல்வதும் உதவுவதும் அதன் 14-வது பிரிவுப்படி அவருடைய கடமை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், போன் காலண்டரில் அடுத்த தேதிக்கு இரண்டு நினைவூட்டல் வையுங்கள்: மூன்று நாள் முன்பு ஒன்று, அன்று காலை ஒன்று. முடியாது என்று முன்கூட்டியே சொல்ல அந்த மூன்று நாள் போதும்.

குடியை விட ஆப் உண்டா?

குடிக்காத நாட்களை எண்ணிக் காட்டும் ஆப்கள் நிறைய உண்டு, உற்சாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் போதை மீட்பு உதவி எண் 14446-ல் பேசி, மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்துங்கள்.