நெஞ்சில் ஏறி அமுக்குவது எது? மருத்துவர் பதில்கள்

கேள்வி: செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து வந்து மல்லாந்து படுத்தால், விழித்த பிறகும் கைகால் அசைவதில்லை, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குகிறார்கள். அம்மா என் தலையணைக்கு அடியில் பால்மரம் சீவும் கத்தியை வைத்திருக்கிறார். இது அமுக்குவான் பேயா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பேயன்று, ஆனால் நீங்கள் உணர்ந்தது பொய்யும் அன்று. மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் உறக்க நிலையை அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் 1953இல் சிகாகோவிலிருந்து அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் மிகுதியும் அந்நிலையில்தான் வருகின்றன; கனவில் ஓடுபவர் மெய்யாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு அப்போது தசைகளைத் தளர்த்திப் பூட்டிவைக்கிறது. அந்தப் பூட்டு திறக்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், அறை கண்ணுக்குத் தெரியும், கனவும் தொடரும், உடல் மட்டும் அசையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இயங்கிக்கொண்டே இருப்பதால் மூச்சு நிற்காது. ஆயினும் மார்புத் தசைகள் தளர்ந்திருக்கையில் ஆழ்ந்து இழுக்க முயன்று முடியாமற்போவதே பாரமாகத் தோன்றுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள், உறங்குவோரை இடையில் எழுப்பி மீண்டும் உறங்கவிட்டு, 1992இல் இதே நிலையைச் சோதனைக்கூடத்தில் வரவழைத்தார்கள். ஷிப்டு மாறும் வாரங்களில் உங்கள் உறக்கமும் அவ்வாறே துண்டுபடுகிறது. ஒருக்களித்துப் படுங்கள், பகலில் உறங்கும் நேரத்தை மாற்றாதீர்கள். அம்மாவின் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் கத்தியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்: அரைத்தூக்கத்தில் துழாவும் கை அறுபடும்.

கேள்வி: மலாய் நண்பரும் இதையே ‘ஹந்து திண்டே’ என்கிறார். எல்லா இனத்தாரும் காண்பது பொய்யாகுமா?

பதில்: ஜப்பானில் இது கனாஷிபாரி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மார்பில் ஏறும் கிழவி. உடலின் இயக்கம் எங்கும் ஒன்றாகையால் பாரமும், அறையில் யாரோ நிற்கும் உணர்வும் பொதுவாகின்றன. அதற்கு முகம் தருவது அந்தந்த ஊர்க் கதை.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இது வருகிறது. மனநோயா?

பதில்: அன்று. 35 ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை, பொதுமக்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும் மாணவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இது நேர்ந்ததாகக் கூறுகிறது. பகலில் அடக்கமுடியாத தூக்கமோ, சிரிக்கும்போது முழங்கால் துவள்வதோ இருந்தால் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 67 வயது அப்பா உறக்கத்தில் கூச்சலிட்டு உதைக்கிறார். இதுவும் அதுதானா?

பதில்: நேர்மாறானது, இங்கே பூட்டே விழவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் 1986இல் விவரித்த இக்கோளாறு, சிலருக்குப் பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தலைகாட்டுவதுண்டு. அரசாங்க கிளினிக்கில் சொல்லி நரம்பியல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். படுக்கையருகே உள்ள கண்ணாடிப் பொருள்களை இன்றிரவே அகற்றிவிடுங்கள்.