பி.பார்ம் (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) சேருவதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தால் பயன் உண்டா?

பிளஸ் டூ முடித்திருப்பீர்கள், இந்த வருஷம் இடம் கிடைத்திருக்காது, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தெருமுனைக் கடையில் சேரலாமா என்று யோசிக்கிறீர்கள். கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்படித்தான் பட்டது. நானும் அதே நிலைமையில் ஒரு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள்.

சேர்க்கைக்கு அது உதவாது. தமிழ்நாட்டில் பி.பார்ம் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கடையில் பத்து வருஷம் நின்றிருந்தாலும் தரவரிசையில் ஓர் இடம்கூட முன்னால் போக முடியாது. டி.பார்ம் என்கிற டிப்ளமோ என்றால் 500 மணி நேரப் பயிற்சி உண்டு. ஆனால் அது இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு செய்வது. அதற்கு முன்னால் பார்த்த வேலையை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

சரி, அப்படியென்றால் வீண்தானே என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் சின்ன ஊர். கலந்தாய்வில் இடம் வரவில்லை, தனியார் கல்லூரியில் கட்டப் பணமில்லை. கடை அண்ணாச்சி அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் கவுண்ட்டர் பக்கமே விடவில்லை. வந்த சரக்கை பில்லோடு ஒத்துப் பார்ப்பது, பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் பார்த்து ரேக்கில் அடுக்குவது, தீர்ந்ததை ஷார்ட் நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரை ஒட்டித் தள்ளிவிடக் கூடாது, ஒருமுறை உறைந்தால் அது குப்பைக்குத்தான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அட்டையிலிருந்து நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது எக்ஸ்பைரி அச்சடித்த ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். கடையில் இருந்த மருந்தாளுநர் அக்கா என் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பிடித்து இதைக் காட்டிக் கொடுத்தார். பிற்பாடு கல்லூரியில் நாலு வருஷம் படித்தேன், அங்கே யாரும் இதைச் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், நல்ல கூட்டம். மூட்டுவாதத்துக்குப் பார்த்துவிட்டு ஓர் ஆச்சி சீட்டோடு வந்தார். மெத்தோட்ரெக்ஸேட், கூடவே ஃபோலிக் ஆசிட். ரேக்கிலிருந்து எடுத்துக் காகிதக் கவரில் போட்டு, எல்லாருக்கும் எழுதுகிற மாதிரி 'இரவு 1' என்று எழுதி நீட்டினேன். பில் போட்டுக்கொண்டிருந்த அக்கா கவரை வாங்கினார், சீட்டைப் பிரித்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதை எழுதினது நீயாம்மா?"

மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். சீட்டில் வாரம் ஒன்று என்று டாக்டர் கிறுக்கித்தான் இருந்தார், நான் பார்க்கவில்லை.

அக்கா கவரை மாற்றினார். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. "நம்ம ஊர்ச் சந்தை என்னைக்கு ஆச்சி?" என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை." "சந்தைக்குப் போற அன்னைக்கு ராத்திரி மட்டும் இது. மத்த நாள் தொடவே கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க." ஆச்சி சொன்னார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அக்கா அசையவில்லை.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு எப்போது வந்தாலும் கிழமையைக் கேட்டு எழுதாமல் கையை விட்டு மருந்து போகாது.

மருந்தாளுநராகப் பதிவு இல்லாத பெண்ணைக் கவுண்ட்டரில் நிறுத்தியதே தப்பு என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் செய்ய வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அந்த மேற்பார்வை இருந்ததால்தான் ஆச்சி பிழைத்தார். அது இல்லாத கடைகள் எத்தனை! மருந்தாளுநர் சான்றிதழ் சுவரில் தொங்கும், அதற்கு உரியவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், மாதா மாதம் அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வார். படித்து வாங்கிய சான்றிதழை வீட்டு வாடகை மாதிரி விடுகிறார்களே என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். இப்படிச் செய்துவிட்டு நம்மை யாரும் மதிப்பதில்லை என்று புலம்பி என்ன ஆகப்போகிறது? எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு வீட்டில் "பொண்ணு கம்பவுண்டரா?" என்று கேட்டார்கள். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காதவர்கள் வந்து விழுகிற படிப்பு என்று என் சித்தப்பாவே சொல்லியிருக்கிறார். நான் வேறு எதற்கும் முயற்சி பண்ணவே இல்லை, இதைத்தான் கேட்டுப் படித்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சேர்வதாக இருந்தால் முதலில் கடைக்கு இரண்டு மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில், சும்மா மருந்து வாங்கப் போய்ப் பாருங்கள். சுவரில் இருக்கும் சான்றிதழுக்கு உரியவர் கடையில் இருக்கிறாரா என்று கவனியுங்கள். செஃபிக்சிம், டிரமடால் மாதிரி ஹெச்1 பட்டியல் (விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ளவை) மருந்து விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை என்பதெல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டு ஒழுங்காக இருக்கிற கடையில் சேருங்கள். மருந்தாளுநர் இல்லாத கடை என்றால் சம்பளம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம், காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிற வேலை இது. அடுத்த வருஷப் பிளஸ் டூ முடிவு வந்ததும் விண்ணப்பத் தேதி எப்போது என்று வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு என் தம்பிதான் பார்த்துச் சொன்னான்.