ஈரோட்டு வெயிலில் மாடி வீட்டுக்காரர்கள் எப்படிச் சமாளிப்பது?

2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கும். கோயம்புத்தூருக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. நமக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

மாடி வீட்டில் சிக்கலே ராத்திரிதான். பகலெல்லாம் தளம் குடித்த சூடு இரவில் கீழே இறங்கும். பத்து மணிக்குச் சுவரைத் தொட்டாலும் தோசைக்கல்தான். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், இல்லையென்றால் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். பகலில் ஜன்னலைச் சாத்தி, வெளியே குளிர்ந்த பிறகு திறங்கள். 40 டிகிரிக்கு மேல் வெறும் ஃபேன் அனலைத்தான் வீசும். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள்.

அப்புறம் உப்புப் போட்ட நீர்மோர், கம்மங்கூழ். (சின்ன வெங்காயம் இல்லாமல் எங்கள் அம்மாயி கூழைத் தொடமாட்டார்.) யாராவது உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.