கெர்னல் கேள்வி–பதில்: முட்டாமலே உடையும் கிளைகள்

கேள்வி: லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அந்த இயங்குதளத்தின் மையக் கருவுக்கு, ஆளாளுக்குத் தனிக் கிளையில் (கோடின் தனி நகலில்) எழுதுகிறார்கள். கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸ்தான் எல்லாவற்றையும் இணைக்கிறார். அப்படியென்றால் எது எதோடு முட்டுகிறது என்பது அவர் கைக்குப் போன பிறகுதானே தெரியும்?

பதில்: ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆண்ட்ரூ மார்ட்டன் தன் எம்எம் கிளையில் மற்றவர்களுடைய வேலையையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பார். ஒரு ஆளுக்கு அது தாங்காத சுமை. 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் ராத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்ட்டைத் தொடங்கினார். லினஸின் மரத்தை (அதாவது முதன்மைக் கோடை) அடியில் வைத்து, அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கும் கிளைகளை ஒவ்வொன்றாக மேலே இணைத்துப் பார்ப்பது, அதுவும் வார நாட்களில் தினமும். இன்று அந்தக் கிளைகள் 300-ஐத் தாண்டிவிட்டன. லினஸ் புது வேலைகளை உள்ளே எடுக்கும் காலமான மெர்ஜ் விண்டோ திறந்திருப்பது இரண்டே வாரம். அதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் உள்ளே போகும். பஞ்சாயத்தை அதற்கு முன்னாலேயே முடித்து வைத்தால்தான் சமாளிக்க முடியும்.

கேள்வி: இணைக்கும்போது கிட் (கோடின் மாற்றங்களைக் கணக்கு வைத்து இணைக்கும் கருவி) 'மோதல் இல்லை' என்று சொல்லிவிட்டால் போதாதா? ஒவ்வொரு கிளைக்கும் பிறகு பில்ட் செய்து, அதாவது கோடை கம்பைல் செய்து பார்ப்பது வீண் வேலை இல்லையா?

பதில்: இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐ2சி என்பது சென்சார் போன்ற சிறு சிப்களை இணைக்கும் பாதை. அதன் டிரைவர்களில், சாதனம் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் புரோப் ஃபங்ஷனுக்கு முன்பு இரண்டு ஆர்குமென்ட் உண்டு. இரண்டாவது பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படவில்லை. எடுத்துவிட முடிவு செய்தார்கள். நூற்றுக்கணக்கான டிரைவர்களை ஒரே நாளில் மாற்ற முடியுமா? 'புரோப்_நியூ' என்று தற்காலிகமாக இன்னொரு பெயர் வைத்து, எல்லாரையும் மெல்ல அங்கே நகர்த்தினார்கள். அப்புறம் பழைய புரோப்பையே ஒற்றை ஆர்குமென்ட்டுக்கு மாற்றி, எல்லாரையும் திரும்ப அதற்கே அழைத்து, தற்காலிகப் பெயரைத் தூக்கினார்கள். வருடக்கணக்கில் நடந்த கதை இது.

தூக்கிய அந்தச் சமயத்தில்தான் என் கிளையில் ஒரு புது சென்சார் டிரைவரைச் சேர்த்தேன். பழைய டிரைவர் ஒன்றைப் பார்த்து எழுதியதால் 'புரோப்_நியூ' அப்படியே வந்துவிட்டது. என் கிளையில் தனியாக பில்ட் ஆனது. அவர்கள் கிளையும் தனியாக பில்ட் ஆனது. என் ஃபைல் புதியது, அவர்கள் அதைத் தொட்டதே இல்லை. கிட்டுக்கு அங்கே சண்டையே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு கம்பைலர்தான் 'அப்படி ஒரு மெம்பரே இல்லை' என்று கத்தியது.

லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் கிளைகளைச் சேர்க்கச் சேர்க்க, ஆல்மாட்கான்ஃபிக் போன்ற அமைப்பில் பில்ட் ஓட்டுகிறார்கள். முடிந்த அத்தனையையும் மாட்யூலாக கம்பைல் செய்வது அது. யார் வந்த பிறகு உடைந்ததோ, அவருக்குக் கடிதம் போகும். எனக்கும் நாலு வரியில் வந்தது: கம்பைலரின் பிழைச் செய்தி, 'இன்றைக்கு உங்கள் கிளையின் நேற்றைய நிலையைச் சேர்த்திருக்கிறேன்' என்று ஒரு குறிப்பு. திட்டு ஒன்றும் இல்லை. அதனாலேயே கூடுதலாகக் கூசியது. நான் செய்யவேண்டியிருந்த திருத்தமோ, '_நியூ' என்ற ஒட்டை அழிப்பது மட்டும்.

கேள்வி: ஒரே மோதல் மெர்ஜ் விண்டோ வரைக்கும் தினமும் வருமே, தினமும் கையால் தீர்ப்பார்களா?

பதில்: கிட்டில் ரெரெரே என்று ஒரு வசதி உண்டு. ஒருமுறை நீங்கள் தீர்த்த விதத்தை நினைவில் வைத்து, அதே மோதல் மறுபடி வந்தால் தானே போட்டுவிடும். பெயர்தான் குழந்தை மழலை மாதிரி இருக்கிறது. ஆனால் எனக்கு நேர்ந்தது போன்ற மோதலுக்கு அது உதவாது, ஏனென்றால் கிட்டின் கண்ணில் அது மோதலே இல்லை. அதற்கு இணைப்பவர் தனியாக ஒரு திருத்தப் பேட்சை வைத்துக்கொண்டு தினமும் மேலே போடவேண்டும்.

கேள்வி: எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே, லினக்ஸ்-நெக்ஸ்ட்டின் மேலேயே என் வேலையைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதை அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய மெர்ஜ்கள் இன்றைய வரலாற்றில் இருக்காது. ஆர்சி1 (மெர்ஜ் விண்டோ மூடியதும் வரும் முதல் சோதனை வெளியீடு) அல்லது உங்கள் மெயின்டெய்னரின் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரின்) கிளையை அடித்தளமாக வைத்து எழுதுங்கள், நெக்ஸ்ட்டில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கிளை அன்றைக்கு உள்ளே போனதா என்று தெரிய, அந்த மரத்திலேயே 'நெக்ஸ்ட்' என்ற ஃபோல்டருக்குள் மெர்ஜ் லாக் இருக்கும். நான் இப்போதும் காலையில் முதலில் திறப்பது அதைத்தான்.