கிரீன் ரீடிங் முறைகள் நம்மைப் போன்ற அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு உண்மையில் உதவுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கத்தில் ஒரு வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. "எங்கள் கிளப்பில் ஒருவர் கிரீனில் காலை அகட்டி நிற்கிறார், கண்ணை மூடுகிறார், அப்புறம் இரண்டு விரலைத் தூக்கிப் பிடித்து கப்பைப் பார்க்கிறார். இதெல்லாம் டிவி பார்த்து வந்த பந்தாவா, பலன் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கிளப்பில் அது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கிளப்பில் அது நான்தான். எனவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோல்ஃபுக்குப் புதியவர்களுக்கு: கப் என்பது குழி, அது இருக்கும் குட்டைப் புல்தரை கிரீன், அங்கே பந்தைத் தரையோடு உருட்டி அடிப்பது பட், அதற்கான மட்டை பட்டர், பந்து போக வேண்டிய வழி லைன். பந்து எப்படி வளையும் என்று சரிவைப் பார்த்துக் கணிப்பதுதான் கிரீன் ரீடிங்.

முதலில் உங்களைப் பற்றி நானே ஊகித்துக்கொள்கிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கான எண், குறைந்தால் நல்லது) இருபதை ஒட்டி இருக்கும். ஞாயிறு காலை நாலு பேராக ஒரு ஃபோர்பால், அடுத்த ஞாயிறு வரை பட்டரைக் கையில் எடுப்பது கிடையாது. தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டை வாங்க யோசிக்காமல் பணம் கொடுத்திருப்பீர்கள். ஒரு ரவுண்டில் நாலைந்து திரீ-பட் (ஒரே கிரீனில் மூன்று பட்) போட்டுவிட்டு, "கிரீன் சரியில்லை" என்று சொல்லியிருப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாதிப் பேர் இப்படித்தான். நான் கோச் இல்லை, பத்துக்குக் கீழான சிங்கிள் ஹேண்டிகேப்பும் இல்லை. கமெண்டில் வந்து "நீ யார் சொல்ல?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டிவி என்று நீங்கள் சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்த விரல் முறைக்கு எய்ம்பாயிண்ட் என்று பெயர். மார்க் ஸ்வீனி என்ற அமெரிக்கர் அதன் மூலத்தை உருவாக்கியதே டிவி ஒளிபரப்புக்காகத்தான். பட் அடிக்கும் முன்பே பந்து எந்த வழியாக வளைந்து போக வேண்டும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டுவார்களே, அது. அதற்கு எம்மி விருதுகூடக் கிடைத்தது. ஆட்டக்காரர்கள் கையில் அது வந்து சேர்ந்தது அப்புறம்தான். ஆடம் ஸ்காட், காலின் மொரிகாவா போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்து நம்மவர்களும் விரலைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

செய்முறை சிக்கலானதல்ல. பந்துக்கும் கப்புக்கும் இடையில், லைன் இரண்டு காலுக்கும் நடுவே வரும்படி கப்பைப் பார்த்து நிற்க வேண்டும். எந்தக் காலில் பாரம் கூடுதலாக இறங்குகிறது என்று கவனித்து, சரிவு ஒரு சதவீதமா, இரண்டா, மூன்றா என்று ஒரு எண்ணுக்கு வர வேண்டும். பிறகு பந்துக்குப் பின்னால் போய்க் கையை நீட்டி, அந்த எண்ணுக்கு எத்தனை விரலோ அத்தனையையும் மேட்டுப் பக்கமாகப் பிடித்து, முதல் விரலின் உள் ஓரத்தை கப்பின் நடுவில் வைத்தால், கடைசி விரலின் வெளி ஓரம் எங்கே படுகிறதோ அங்கே குறி. கிரீன் வேகமாக இருந்தால் முழங்கையை மடக்கி விரலை முகத்துக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். கிட்டே வந்தால் விரல் அகலமாக மறைக்கும், குறி இன்னும் வெளியே தள்ளிப்போகும். வேகமான கிரீனில் அதே சரிவுக்குப் பந்து கூடுதலாக வளையும் என்பதால் இந்த ஏற்பாடு. இதில் மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது எங்கள் கோர்ஸுக்கு வருகிறேன். ஏரிக்கரையை ஒட்டி ஒரு கிரீன் இருக்கிறது. பின்னாலிருக்கும் கரை இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போகும். கண் அந்தக் கரையின் விளிம்பையே மட்டம் என்று எடுத்துக்கொள்வதால், கிரீனின் வலப்பக்கம் உயர்ந்திருப்பது போலத் தெரியும். பந்து இடப்பக்கம் திரும்பும் என்று நினைத்து எல்லோரும் வலப்பக்கம் குறிவைப்பார்கள். உண்மையில் கிரீன் வலப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அதனால் பந்து வலப்பக்கம் ஆரம்பித்து, இன்னும் வலப்பக்கமாகவே போய் நிற்கும். பல வருட மெம்பர்கள்கூட இன்றைக்கும் அங்கே ஏமாறுகிறார்கள்.

கிளப்பின் மாதப் போட்டியான மன்த்லி மெடல் ஒன்றில் அங்கே எனக்குப் பத்தடி பட். என்னோடு ஆடிய பல் டாக்டருக்கும் கிட்டத்தட்ட அதே லைனில், கொஞ்சம் தள்ளி. நான் காலை அகட்டி நின்றதும், "என்ன சார், பந்துக்கு ஆசீர்வாதமா?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் முதலில் அடித்தார். ஒரு கப் வலப்பக்கம் குறிவைத்தார், பந்து இரண்டடி வலப்பக்கமாகப் போய் நின்றது. என் வலது பாதத்தின் வெளி ஓரத்தில் பாரம் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கண் ஒத்துக்கொள்ள மறுத்தது. கோல்ஃப் பேக்கைத் தூக்கிவரும் எங்கள் கேடி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு லைனுக்கு ஓரமாக நாலு எட்டு நடந்து வந்து, "சார், ஒரு கப் லெஃப்ட். கரையைப் பாக்காதீங்க, கப்பை மட்டும் பாருங்க" என்றார். என் விரலும் அதே இடத்தைத்தான் காட்டியது.

உள்ளே போனதா? போகவில்லை. இடது விளிம்பைத் தொட்டுவிட்டு அரை அடி தாண்டி நின்றது. ஆனால் மேட்டுப் பக்கம் தவறியது. அந்தக் கிரீனில் மேட்டுப் பக்கம் தவறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே ஆடுபவர்களுக்குத் தெரியும். டாக்டர் அன்றைக்கு அங்கே திரீ-பட். இதை நான் எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

ரவுண்ட் முடிந்து டீ குடிக்கும்போது எய்ம்பாயிண்ட் வகுப்பைப் பற்றி அண்ணனிடம் விளக்கினேன். "காலால பாக்குறதுக்கு வகுப்பா சார்? சின்னப் பையனா பேக் தூக்க வந்தப்ப செருப்பே கிடையாது. வேற எதால பாக்குறது?" என்று சிரித்தார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

அண்ணனை நான் வெறும் அலங்காரத்துக்காக இங்கே இழுக்கவில்லை. இந்தியன் ஓபனை முதன்முதலில் வென்ற இந்தியர் அலி ஷேர், 1991இல். கேடியாக இருந்து வந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் பேக் தூக்கி வளர்ந்தவர்தான். நம் ஊர் கிளப்புகளில் கிரீனை நிஜமாகவே படிக்கத் தெரிந்த ஆள் பெரும்பாலும் பேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பட் உள்ளே போனால் "நான் அடிச்சேன்", வெளியே போனால் "கேடி தப்பா சொன்னான்". இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

காலுக்குத் தெரியாத ஒன்றும் அண்ணனுக்குத் தெரியும். நம் வெயிலுக்கு நிற்பது பெர்முடா வகைப் புல். அது ஒரு பக்கமாகப் படுத்து வளரும். படுத்த திசையில் பந்து ஓடும், எதிர்த் திசையில் இழுத்துப் பிடிக்கும், குறுக்கே போனால் தள்ளும். பளபளவென்று தெரிந்தால் புல் நம்மைவிட்டு விலகிப் படுத்திருக்கிறது, கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மை நோக்கி. சந்தேகம் இருந்தால் கப்பின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் பிளேடால் வெட்டியது போல இருக்கும், எதிர்ப்பக்கம் பிசிறடித்துக் காய்ந்திருக்கும். பிசிறு இருக்கும் பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது. இதை எந்த விரலும் சொல்லாது.

சரி, பலன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். ஐந்தடியிலிருந்து பதினைந்தடி வரை, உண்டு. அதற்குக் கீழே நேராகத் தட்ட வேண்டியதுதான். அதற்கு மேலே வேகம்தான் எல்லாம். முப்பதடி பட்டில் லைனை ஒரு அடி தப்பாகப் பார்த்தாலும் அடுத்தது ஒரு அடி பட். வேகத்தை ஆறடி தப்பாக அடித்தால் அடுத்தது ஆறடி. நம் திரீ-பட்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. நாசாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃப் ஆராய்ச்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், அமெச்சூர்கள் வளைவை உள்ளதைவிடக் குறைவாகவே பார்க்கிறார்கள் என்று சொன்னார். அதனால்தான் நம் பந்து தாழ்வுப் பக்கமாகவே தவறுகிறது. காலும் விரலும் சரிசெய்வது இந்த ஒன்றைத்தான். அந்த எண் வந்துவிட்டால் இன்னும் வெளியே குறிவைக்கத் தைரியம் வரும்.

வேகமும் வளைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நான் நேரில் பார்த்தது மார்கழிப் பனியில். முதல் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) எடுத்தால் கிரீன் முழுக்க வெள்ளையாகப் பனி விரித்திருக்கும். பந்து உருண்ட தடம் பச்சைக் கோடாக அப்படியே நிற்கும். குனிந்து பார்த்தால், முதல் பாதி கிட்டத்தட்ட நேர்க்கோடு. பந்து தளர ஆரம்பிக்கும் இடத்தில்தான் கோடு திரும்புகிறது, கடைசி மூன்றடியில் கொக்கி போலக் கவிழ்கிறது. ஒரே இடத்திலிருந்து இன்னொரு பந்தைப் பலமாக அடித்தால் அதன் கோடு வேறு. அப்படியென்றால் எந்த வேகத்தில் அடிக்கப்போகிறோம் என்று முடிவுசெய்யாமல் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. காலை ஏழரைக்குள் போனால் இந்தப் பாடம் இலவசம்.

காலைப் பழக்கவும் செலவு வேண்டாம். பயிற்சிக் கிரீனில் கண்ணை மூடி நின்று எண்ணைச் சொல்லிவிட்டு, செல்போனின் மட்டம் பார்க்கும் ஆப்பைத் தரையில் வைத்துச் சரிபாருங்கள். போன் டிகிரியில் காட்டும், ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 1.75 சதவீதம். இதைத் தெரியாமல் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ரவுண்டின்போது போனை வைத்து மட்டம் பார்க்காதீர்கள், விதிப்படி குற்றம்.

பயிற்சிக் கிரீன் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கிளப்பில், பெயர் வேண்டாம், பட்டிங் கிரீனை ஒட்டிய புல்வெளியை முகூர்த்த சீசனில் ரிசப்ஷனுக்கு விடுகிறார்கள். ஓரத்தில் மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. இப்போது ஐஸ்கிரீம் கவுண்டர் கிரீன் மேலேயே நிற்கிறது. திங்கட்கிழமை போனால் நாற்காலிக் கால் குழிகள், ஹை ஹீல்ஸ் ஓட்டைகள், ஓர் இடத்தில் ரசமலாய்ப் பாகு காய்ந்து எறும்பு மொய்க்கிறது. கமிட்டியிடம் கேட்டால் வருமானம் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான், சந்தாவும் வருடா வருடம் ஏறுகிறதே. அங்கே நின்றுகொண்டு இரண்டு சதவீதமா மூன்றா என்று நான் எதைப் பார்ப்பது?

நான் மெதுவாக ஆடுகிறேன் என்று குறை சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009 யுஎஸ் ஓபன் கோல்ஃப் சாம்பியன் லூகாஸ் குளோவர்கூட 2025இல், எய்ம்பாயிண்டைத் தடைசெய்ய வேண்டும், ஆட்டம் தாமதமாகிறது, பலனும் இல்லை என்றார். அவர் தொழில்முறைப் போட்டித் தொடர்களில் ஆடும் டூர் ஆட்டக்காரர்களைச் சொல்கிறார். கிரீனின் சரிவை விளக்கமாகக் காட்டும் படப் புத்தகங்களை 2022இலிருந்து பெரிய டூர்களில் கட்டுப்படுத்தினார்கள், காலால் உணர்வதை யாரும் தடுக்கவில்லை. அடுத்தவர் அடிக்கும் முன்பே, அவர் லைனை மிதிக்காமல் என் வேலையை நான் முடித்துவிடுவேன். பந்தில் வரைந்த கோட்டை மூன்று முறை திருப்பித் திருப்பி வைப்பவர்களை யாரும் கேட்பதில்லை.

பட்டரைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பிளம்ப்-பாப் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் நிற்கும் இடத்துச் சரிவைத்தான் அது ஓரளவு சொல்லும். கப்பருகே வேறு சரிவு இருந்தால் அதற்குத் தெரியாது. விட்டுவிடுங்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் புள்ளிவிவரங்களைக் கணக்குப் போட்டபோது, எட்டடியிலிருந்து அந்த ஆட்டக்காரர்களே பாதிதான் உள்ளே போடுகிறார்கள் என்று வந்தது. டிவியில் உள்ளே போகிற பட்களையே காட்டுவதால் நமக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்றால், அதற்கு முன் அடுத்த சில ரவுண்டுகளில் ஸ்கோர்கார்டு ஓரத்தில் ஒவ்வொரு தவறிய பட்டுக்கும் குறித்துவாருங்கள்: குறைந்து நின்றதா, தாண்டிப் போனதா, தாழ்வுப் பக்கமா, மேட்டுப் பக்கமா. குறைவும் தாண்டலுமாக இருந்தால் வகுப்புப் பணத்தை வைத்துக்கொண்டு நீளமான பட்களைப் பழகுங்கள். தாழ்வுப் பக்கமாகவே வந்தால் போங்கள். கேடி சொன்னதை எத்தனை முறை கேட்கவில்லை என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.